ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, எடை 30 கிலோ. நான்கு மாதமாக வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம். முதலில் சீதபேதி என்று மருந்து கொடுத்தார்கள். அப்புறம் உள்மூலம் என்றார்கள். கடைசியில் மதுரையில் கொலோனோஸ்கோபி செய்து, பயாப்ஸி எடுத்துப் பார்த்து, பெருங்குடல் முழுவதும் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினமும் 30 மி.கி., கூடவே மெசாலமைன் மாத்திரை. ஒரே வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் இந்த இரண்டரை வாரத்தில் பிள்ளையின் முகம் உப்பிப்போய்விட்டது. நடுராத்திரியில் எழுந்து சோறு கேட்கிறாள். எதற்கெடுத்தாலும் கோபம், அழுகை. ஸ்டீராய்டு கொடுத்தால் வளர்த்தி நின்றுவிடும், வயசுக்கு வருவது தள்ளிப்போகும், எலும்பு உடையும் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மாமியார் ஊரில் ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கி வைத்திருக்கிறார். பயந்துபோய் இரண்டு நாளாக மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. நிறுத்திவிடலாமா? மறுபடி ரத்தம் போனால் மறுபடியும் ஸ்டீராய்டுதானா? போன வருடம் மாமனாருக்கு டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அவரையும் கவனித்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, என்னால் யோசிக்கவே முடியவில்லை.
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் டாக்டரைக் கூப்பிட்டு, இரண்டு நாளாகப் பாதி மாத்திரைதான் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் இதை எழுதியிருந்தேன். உங்கள் நிலையில் இன்னும் பல பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால்தான் இங்கே விரிவாகப் பதில் சொல்கிறேன். டாக்டர் திட்டுவாரோ என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டியதில்லை. பயத்தில் மருந்தைக் குறைக்கிற பெற்றோரை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எங்களுக்குச் சிரமம் தருவது குறைத்தது அல்ல, குறைத்தது தெரியாமல் போவதுதான். அளவு பாதியானது தெரியாத நிலையில் ரத்தம் திரும்ப வந்தால், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டி, தேவையே இல்லாமல் இன்னும் கடுமையான மருந்துக்குப் போய்விடுவோம்.

ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது? நம் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசோல் என்ற இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து மாத்திரையாக நிறைய வரும்போது சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் மாத்திரை போன பிறகு சட்டென்று நிறுத்தினால், சுரப்பி விழித்துக்கொள்வதற்குள் உடம்பில் கார்டிசோல் இல்லாமல் போகலாம். அப்போது வாந்தி, தலைசுற்றல், சோர்வு வரும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். காய்ச்சலோ அடிபடுதலோ சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு. ரத்தம் நின்றுவிட்டது என்றால் குடலின் உட்பக்கம் முழுவதும் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. புண் ஆறுவதற்கு முன்பே மருந்தை எடுத்துவிட்டால் நோய் திரும்பும். திரும்பினால் மறுபடி 30 மி.கி.யிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்க நினைத்துச் செய்த காரியம், மொத்தத்தில் அதிக ஸ்டீராய்டு கொடுப்பதில் போய் முடியும்.

அடுத்தது, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி. மாமனாரின் டிபி. உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். ஒரே வீட்டில் இருந்த குழந்தைக்குக் காசநோய்க் கிருமி தொற்றி, எந்த அறிகுறியும் இல்லாமல் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது அது விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பின்னால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமேப் போன்ற ஊசி தேவைப்பட்டால் இந்த ஆபத்து இன்னும் கூடும். மருத்துவமனையில் உங்களிடம் இதைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்றைக்கு போனில் பேசும்போதே சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், கையில் மாண்டூ ஊசி போட்டோ ரத்தப் பரிசோதனை செய்தோ பார்ப்பார்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாண்டூ பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதனால் ரிசல்ட்டை மட்டும் நம்பாமல், வீட்டில் டிபி இருந்தது என்ற தகவலையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். தேவைப்பட்டால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். இதற்காக மாமனாரை ஒதுக்கவோ பிள்ளையை அவரிடமிருந்து பிரிக்கவோ வேண்டாம். முழுமையாக மருந்து சாப்பிட்டுக் குணமானவரிடமிருந்து தொற்றாது.

சரி, இவ்வளவு பயமுறுத்தும் மருந்தை ஏன் எழுதினார்கள்?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்குகிற நோய். பெரியவர்களில் பலருக்கு மலக்குடலோடும் இடப்பக்கக் குடலோடும் நின்றுவிடும். குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெருங்குடல் முழுக்கப் பரவியிருக்கும். உங்கள் மகளுக்கும் அப்படித்தான். ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால், இந்த நோய் தீவிரமாகத் தாக்கினால் பிழைப்பதே பெரும்பாடு. 1955-இல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 210 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்டிசோனும் இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் கார்டிசோன் பிரிவில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. மற்றப் பிரிவில் 16 பேருக்குத்தான். இந்த நோயின் சிகிச்சையே அதோடு மாறிப்போனது.

இதன் இரண்டாம் பாதியைப் பலர் சொல்வதில்லை. ஸ்டீராய்டு நோயை அடக்குகிறதே, குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தால் திரும்பி வராமலும் காக்குமா என்று அடுத்த பத்தாண்டுக்குள் அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள். காக்கவில்லை. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் நோய் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திரும்பியது. இன்று உலகம் முழுக்க நாங்கள் பின்பற்றும் முறைக்கு இதுதான் அடிப்படை. பொங்கும் நோயை அடக்க ஸ்டீராய்டு; அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க வேறு மருந்து. தீயணைப்பு வண்டி தீயை அணைத்ததும் போய்விட வேண்டும், வாசலிலேயே நிற்கக்கூடாது. அதனால் ‘ஸ்டீராய்டு கொடுக்கலாமா’ என்று கேட்பதைவிட, ‘எந்தத் தேதியில் முடியும், முடிந்த பிறகு என்ன’ என்று கேளுங்கள். டாக்டரிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

உங்கள் மகளுக்கு எழுதிய அளவு சரியானதுதான். குழந்தைகளுக்கு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 1 மி.கி., அதிகபட்சம் 40 மி.கி. 30 கிலோவுக்கு 30 மி.கி. இதை இரண்டு மூன்று வாரம் முழு அளவில் கொடுத்துவிட்டு, பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 5 மி.கி. வீதம் இறக்குவார்கள். சில படிகளில் இரண்டு வாரம் நிற்பதும் உண்டு. மொத்தம் 8 முதல் 10 வாரத்தில் முடிந்துவிடும். நீங்கள் இரண்டரை வாரம் கடந்துவிட்டீர்கள் என்றால், குறைக்கும் கட்டம் எப்படியும் நெருங்கிவிட்டது. எந்த வாரம் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதித் தரச் சொல்லி வாங்கி, சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மாத்திரைகளில் 5, 10, 20, 40 என்று பல அளவுகள் உண்டு. சிரப் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, ‘ஃபோர்ட்’ என்ற பெயரில் 5 மி.லி.யில் 15 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மருந்து மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ ஆகிவிடும்.

நீங்கள் சொன்ன முகவீக்கம், பசி, கோபம் மூன்றும் இந்த அளவு மருந்தில் எதிர்பார்ப்பவைதான். மூன்றும் அளவு குறையக் குறைய இறங்கும். மருந்து முடிந்த சில வாரங்களில் முகம் பழையபடி ஆகிவிடும். அதுவரை என்ன செய்யலாம்? மாத்திரையைக் காலையிலேயே, எட்டு மணி வாக்கில், சாப்பிட்டதும் ஒரே வேளையாகக் கொடுங்கள். உடம்பின் சொந்தக் கார்டிசோலும் காலையில்தான் அதிகமாகச் சுரக்கும் என்பதால் சுரப்பிக்கும் தொந்தரவு குறைவு, ராத்திரித் தூக்கமும் கெடாது. இப்போது இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்றால், ராத்திரி விழிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். பசிக்கு இட்லி, முட்டை, சுண்டல் கடலையை நன்றாக வேகவைத்து மசித்தது, மோர் சாதம் என்று கொடுங்கள். பிஸ்கட்டும் சிப்ஸும் வீட்டிலேயே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு அதிகமானால் முகம் இன்னும் உப்பும், ரத்த அழுத்தம் ஏறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்த இரண்டு மாதமும் வேண்டாம். காரம் குறைவாக இருந்தால் வயிற்றுக்கு இதம், அவ்வளவுதான். இந்த உணவால்தான் நோய் வந்தது என்றோ இதைத் தின்றால் போய்விடும் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்தியம் என்ற பெயரில் பருப்பு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, ரத்தசோகையில் இருக்கும் பிள்ளையை மேலும் மெலிய வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோபத்தைப் பற்றிப் பிள்ளையிடமே பேசுங்கள். பதினொரு வயதுப் பெண்ணுக்குக் கண்ணாடியில் முகம் மாறியிருப்பது நம்மைவிட அதிகமாகத் தெரியும். ‘இந்த மாத்திரை உன்னை அழவைக்கிறது, கோபப்பட வைக்கிறது, இது உன் தப்பு இல்லை, இன்ன தேதிக்கு மாத்திரை முடிகிறது’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உறவுக்காரர்கள் ‘என்ன இப்படிக் குண்டாயிட்ட’ என்று கேட்டால் அவள் முன்னாலேயே பேச்சை நிறுத்துங்கள். தூக்கமே இல்லை, யாருடனும் பேசவில்லை, சாகவேண்டும் என்று சொல்கிறாள் என்ற அளவுக்குப் போனால் அது காத்திருக்கும் விஷயம் இல்லை. அன்றே டாக்டரிடம் போங்கள்.

வளர்ச்சியைப் பற்றிய பயம் நியாயமானது. ஸ்டீராய்டு வளர்ச்சியைக் குறைப்பது உண்மை. எலும்பில் சுண்ணாம்புச் சத்தைக் குறைப்பதும் உண்மை. ஆனால் எதனால், எவ்வளவு காலத்தில் என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிடும்போதும், ஒரே வருடத்தில் திரும்பத் திரும்பச் சாப்பிடும்போதும் வரும் பாதிப்புகள் அவை. எட்டுப் பத்து வாரம் சாப்பிட்டு முடித்தால், அந்தக் காலத்தில் தடைப்பட்ட வளர்த்தியைப் பிள்ளைகள் பெரும்பாலும் பிறகு எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். மறுபக்கம், கட்டுப்படாத கொலைட்டிஸும் வளர்ச்சியைத் தடுக்கும், வயதுக்கு வருவதையும் தள்ளிப்போடும். ரத்தம் போய்க்கொண்டே இருக்கும் குடலோடு எந்தக் குழந்தையும் வளராது. பயத்தை வைத்துக்கொண்டிருப்பதைவிட அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். கால்சியம், வைட்டமின் டி, இரும்புச் சத்து எழுதியிருந்தால் விடாமல் கொடுங்கள். நீண்ட காலம் ஸ்டீராய்டு போகிற குழந்தைகளுக்குக் கண் பரிசோதனையும் தேவை.

மருந்து போய்க்கொண்டிருக்கும்போது வரும் காய்ச்சலை லேசாக எடுக்காதீர்கள். அதிலும் முக்கியமானது அம்மை. உங்கள் மகளுக்குச் சின்னம்மை ஏற்கெனவே வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பழைய அட்டையைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், வகுப்பிலோ தெருவிலோ யாருக்காவது அம்மை போட்டிருப்பது தெரிந்தவுடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கொப்புளம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. நம் வீடுகளில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை கட்டி, வெளியே போகாமல், மருந்தும் இல்லாமல் இருப்பது வழக்கம். வேப்பிலை கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடும், உடனடியாக ஆன்டிவைரல் மருந்து தேவை. கொப்புளம் தெரிந்த அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இன்னொன்று, எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை இப்போது போடக்கூடாது. இந்த அளவு ஸ்டீராய்டு முடிந்து குறைந்தது ஒரு மாதமாவது ஆக வேண்டும். ஃப்ளூ ஊசி, பத்து வயதில் போடும் டிடி ஊசி போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் எதுவும் வேண்டாம், அவை கொலைட்டிஸைக் கிளறிவிடக்கூடும். காய்ச்சல் சிரப் பலவற்றில் மெஃபெனமிக் அமிலம் சேர்ந்தே வருகிறது, பாட்டிலில் படித்துப் பார்த்து வாங்குங்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்காமல் போனால், ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாமல் மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட வேண்டும். ஸ்டீராய்டு முடிந்து பல மாதங்கள்வரை, அறுவை சிகிச்சையோ பெரிய காய்ச்சலோ வந்தால், ‘இவள் இன்ன மாதம்வரை ஸ்டீராய்டு சாப்பிட்டவள்’ என்று புது டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பள்ளிப் பையிலும் வைத்துவிடுங்கள்.

மாமியார் வாங்கி வைத்திருக்கும் பொடி. அவர் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் வாங்கியிருக்கிறார், அதில் சண்டை வேண்டாம். ஆனால் கொடுக்க வேண்டாம். பெயரும் தயாரிப்பு விவரமும் இல்லாமல் பொட்டலமாக வரும் பொடிகளில் ஸ்டீராய்டே கலந்திருப்பது பலமுறை பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. ஈயம், பாதரசம் இருந்ததும் உண்டு. ஸ்டீராய்டுக்குப் பயந்து, அளவே தெரியாத ஸ்டீராய்டைக் கொடுப்பதாக ஆகிவிடலாம். அடுத்த முறை போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொலோனோஸ்கோபிப் படத்தை டாக்டர் அவருக்கும் காட்டட்டும். வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர்கள் நோயைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் அனுபவம்.

இனி நீங்கள் கேட்ட அடுத்த கேள்வி: மறுபடி வந்தால் மறுபடியும் ஸ்டீராய்டா?

வராமல் வைத்திருப்பதற்குத்தான் மெசாலமைன். ஸ்டீராய்டு முடிந்தாலும் இது வருடக்கணக்கில் தொடரும். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 60 முதல் 80 மி.கி. வரை கொடுக்கலாம், குறைந்த அளவில் கொடுத்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்லக்கூடாது. ரத்தம் நின்று ஆறு மாதம் ஆனதும் ‘இனி எதற்கு’ என்று விட்டுவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வட அமெரிக்காவில் புதிதாக இந்த நோய் கண்ட 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஆண்டு முடிவில் ஸ்டீராய்டும் இல்லாமல், வேறு பெரிய மருந்தும் இல்லாமல், மெசாலமைனில் மட்டுமே நன்றாக இருந்தவர்கள் நூற்றுக்கு 38 பேர். உங்கள் மகளும் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மற்றக் குழந்தைகளுக்கு வழி இல்லை என்று அர்த்தமில்லை, அடுத்த படிக்குப் போக வேண்டும், அவ்வளவே.

மாத்திரையைக் குறைக்கும்போதே நோய் திரும்புகிறது, அல்லது நிறுத்தி மூன்று மாதத்துக்குள் திரும்புகிறது என்றால், குழந்தை ஸ்டீராய்டைச் சார்ந்துவிட்டது என்று சொல்வோம். அப்போதோ, ஒரே வருடத்தில் இரண்டு முறை நோய் கிளம்பினாலோ, ‘இன்னொரு கோர்ஸ் கொடுத்துப் பார்ப்போம்’ என்று மட்டும் எழுதித் தந்தால் சம்மதிக்காதீர்கள். அந்த இடத்தில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். நான் பார்த்த கெட்ட விளைவுகள் பலவும் முதல் கோர்ஸில் வந்தவை அல்ல. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, மூன்றாவது நான்காவது தடவையாகத் தாங்களாகவே கொடுத்ததில் வந்தவை. அந்தக் கட்டத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் மாத்திரையைத் தொடங்குவோம். அது முழுதாக வேலை செய்ய இரண்டரை மூன்று மாதம் ஆகும். ஆசிய மரபினரில் சிலருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் அந்த மருந்து வெள்ளை அணுக்களை வேகமாகக் குறைத்துவிடும். அதனால் வசதி உள்ள இடத்தில் முன்பே மரபணுப் பரிசோதனை, எல்லா இடத்திலும் ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தொடங்கிய சில வாரத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் உடனே சொல்ல வேண்டும். அதற்கும் அடங்காதபோது இன்ஃப்ளிக்சிமேப். முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நரம்பு வழியாக ஏற்றுவோம். இந்தியாவில் இதைப் போலவே தயாரித்த பயோசிமிலர் மருந்துகள் கிடைப்பதால் விலை முன்பைவிடக் குறைவு, என்றாலும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரம்தான். காப்பீட்டில் எவ்வளவு வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டிபி பரிசோதனையை இப்போதே முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது ஓட வேண்டும்? ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போகிறது, ராத்திரி எழுந்து போகிறாள், காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிறு உப்பி வலிக்கிறது, எழுந்து நடக்கத் தெம்பில்லை: இவை சேர்ந்தால் வீட்டில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கும் நேரம் அல்ல. உள்நோயாளியாகச் சேர்த்து மீதைல் பிரெட்னிசோலோன் ஊசி போட வேண்டும். மலத்தில் வேறு தொற்று உண்டா என்றும் பார்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் எங்களுக்கு மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் முக்கியம். மூன்றாம் நாள் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்த மருந்துக்கு ஏற்பாடு தொடங்குவோம், ஐந்தாம் நாளும் நோய் தீவிரமாகவே இருந்தால் அதைத் தொடங்கிவிடுவோம். ஊசி ஸ்டீராய்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குப் போதாமல் போகிறது. அதற்காக வாரக்கணக்கில் அதையே போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து. எதற்கும் அடங்காத சிலருக்குப் பெருங்குடலை எடுக்கும் அறுவை சிகிச்சை. கேட்கவே கலங்கும், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழந்தைகள் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள். உங்கள் மகள் இப்போது அந்த நிலையின் பக்கத்தில்கூட இல்லை. ஒரு வாரத்தில் ரத்தம் நின்றது மிக நல்ல அறிகுறி.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வயிற்றுவலி, ரத்தம், மலம் கெட்டியா தண்ணியா, எத்தனை தடவை, ராத்திரி எழுந்தாளா, அன்றைக்கு எப்படி இருந்தாள் என்ற ஆறு விஷயத்தையும் தினமும் எழுதுங்கள். நாங்கள் குழந்தைகளின் நோய்த் தீவிரத்துக்கு மதிப்பெண் போடுவது இந்த ஆறை வைத்துத்தான். மொத்தம் 85. பத்துக்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 65-ஓ அதற்கு மேலோ என்றால் தீவிரம். ரத்தத்துக்கு மட்டும் 30 வரை மதிப்பெண் உண்டு. உங்கள் நோட்டைப் பார்த்தாலே அளவைக் குறைக்கலாமா, அதே அளவிலேயே வைத்திருக்கலாமா என்று டாக்டரால் சொல்ல முடியும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனையும் உதவும், குடலுக்குள் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதை அது அடிக்கடி கொலோனோஸ்கோபி செய்யாமலேயே காட்டிக்கொடுக்கும்.

பள்ளிக்கு அனுப்புங்கள். தலைமை ஆசிரியரிடம் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்து, பாட நேரத்தில் கை தூக்கிக் கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்குங்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவு தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். பல பெண் குழந்தைகள் அதற்குப் பயந்தே காலையில் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் போகிறார்கள். பையில் மாற்று உடை ஒன்று இருக்கட்டும். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல என்பதையும் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் வீட்டில் யாராவது கேட்டால் ஆசிரியர் அதைக் காட்டலாம்.